மலைநாடும் நறுமணமும்

மனத்தின் சோர்வை நறுமணத்தால் தணிக்கலாம் என்னும் எண்ணம் மிகப் பழைமையானது. சந்தனமும் அகிற்புகையும் நம் முன்னோர் வாழ்வில் பெற்றிருந்த இடமே அதற்குச் சான்று. மேல்நாட்டாரிடையே அவ்விடத்தைப் பெற்றது லவெண்டர் என்னும் ஊதாநிறச் சிறுபூ. பிரான்சு நாட்டு இரசாயன அறிஞர் கற்றஃபோசே 1910இல் ஆய்வுகூட விபத்தொன்றில் தீப்புண் பட்டபோது லவெண்டர் தைலத்தையே மருந்தாக இட்டார். 1937இல் அவர் வெளியிட்ட நூல் நறுமண மருத்துவத்துக்குப் பெயரும் தந்தது. அத்தைலத்தை முகர்ந்தோரின் பதற்றம் ஓரளவு தணிவதாகச் சிற்சில ஆய்வுகள் கூறுகின்றன. எனினும், அது நோயைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

லவெண்டரின் மணத்துக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று லினலூல் என்னும் பொருள். அதே பொருள் நமது மலைநாட்டுத் தேயிலையின் மணத்திலும் கலந்துள்ளது. இம்மணம் இங்கு வந்த வரலாறு கேட்கத்தக்கது.

கடல் மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேல் அமைந்த நுவரெலியா, முதலில் இளைப்பாறும் இடமாகவே ஆங்கிலேயரால் அமைக்கப்பெற்றது. 1828ஆம் ஆண்டளவில் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ், நோயுற்ற படைவீரர் உடல் தேறுவதற்கென அங்கு நிலையம் நிறுவினார். காட்டுக் காய்ச்சலால் மெலிந்து வந்த சாமுவேல் பேக்கர், மலைக்காற்றிலே விரைவில் நலமடைந்து, 1848இல் அங்கேயே குடியேறினார். 1861இல் ஹக்கலைத் தோட்டம் குயினைன் தரும் சிங்கோனா மரத்துக்காகத் தொடங்கப்பெற்றது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பிச் செடியை நோய் அழித்தபின், மலையெங்கும் தேயிலை படர்ந்தது.

கொழுந்திலே மணப்பொருள்கள் சர்க்கரையோடு பிணைந்து அடங்கிக் கிடக்கின்றன. இலையை வாட்டி உருட்டும்போதே அப்பிணைப்பு அவிழ்ந்து மணம் வெளிப்படுகின்றது. ஹற்றனைச் சூழ்ந்த திம்புள்ளப் பகுதியில் சனவரி முதல் மார்ச் வரை வறண்ட குளிர்காற்று வீசும். விளைச்சல் குறையும், மணமோ மிகும். தலையிலே கம்பளியும் இடையிலே படங்கும் அணிந்து, விடியற்பனியில் மலையேறும் பெண்களின் விரல்களே அம்மணத்தை முதலில் கொய்கின்றன.

அவர்தம் முன்னோர் தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்கள். வழியிலே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் பலர். எஞ்சியோருக்குக் கிடைத்தது லயத்துச் சிற்றறை. 1948இன் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒப்பந்தத்தின் விளைவாக இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பெற்றனர். எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று.

துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் சில இன்று விருந்தினர் விடுதிகளாகியுள்ளன. மன அமைதி நாடி அயல்நாட்டார் அங்கு வந்து தங்குகின்றனர். அவர் வருகை மலைநாட்டுக்கு நன்மையே. ஆயினும் பக்கத்து லயத்திலே தம் பெயரில் வீடும் நிலமும் இன்றி வாழ்வோர் இன்னும் பலர். நாளைய கவலையால் வரும் உளச்சோர்வை எந்தத் தைலமும் தணியாது. தாம் உறங்கும் கூரை தமக்கே உரியது என்னும் உறுதியே அதற்கு மருந்து. படைவீரர் இளைப்பாறுவதற்கென இரு நூற்றாண்டுகளுக்கு முன் திறக்கப்பெற்ற மலை, அதனை மணக்கச் செய்த மக்களுக்கும் அந்த ஆறுதலைத் தருதல் வேண்டும்.