பாண்டிச்சேரி பெயர் கொண்ட சுறா... இப்போ எங்கே?

வார இறுதியில் ஈ.சி.ஆர் வழியாக பாண்டிச்சேரிக்கு பைக்கில் போயிருக்கீங்களா? மரக்காணம் உப்பளங்களையும் கூனிமேட்டையும் தாண்டினால், புதுச்சேரி எல்லையை ஒட்டி வரும் ஊர் கோட்டக்குப்பம். இந்தக் கடலின் பெயரையே சுமக்கிற சுறா ஒன்று உண்டு. அதன் பெயர் ‘பாண்டிச்சேரி ஷார்க்’. 1839-ல் முல்லர், ஹென்லே என்ற இரண்டு ஜெர்மன் விஞ்ஞானிகள் இதை உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள்.

சுமார் ஒரு மீட்டர் நீளம், கூரான மூக்கு, சில துடுப்புகளின் முனையில் கறுப்பு. இதுதான் அதன் அடையாளம். உலக அருங்காட்சியகங்களில் இருப்பவை 20-க்கும் குறைவான மாதிரிகள்தான். அதில் கடைசி மாதிரி 1979-ல் கிடைத்தது. அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினங்களின் சர்வதேசப் பட்டியலில் இன்று இதுவும் ஒன்று.

மீனைக் கண்டுபிடிப்பதில் சுறாவை மிஞ்ச ஆள் கிடையாது. அப்படிப்பட்ட வேட்டைக்காரன் ஏன் காணாமல் போகிறான்?

மின்சாரம் உணரும் மூக்கு

‘ஒரு சொட்டு ரத்தத்தைப் பல மைல் தூரத்திலிருந்தே மோப்பம் பிடிக்கும்’ என்பது சினிமாக் கதை. சுறாவுக்கு மோப்ப சக்தி அதிகம்தான். ஆனால், வாசனை நீரோட்டத்தில் கலந்து அதன் மூக்குக்கு வந்து சேர வேண்டும்.

தூரத்தில் முதலில் உதவுவது பெரும்பாலும் காதுதான். காற்றைவிட நீரில் ஒலி நான்கு மடங்குக்கு மேல் வேகமாகப் போகும். அடிபட்ட மீன் துடிக்கும்போது எழும் தாழ்ந்த அதிர்வு சுறாவைச் சுண்டி இழுக்கும். அருகே வந்ததும் உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்வுக்கோடு நீரின் அசைவைச் சொல்லிவிடும். மங்கலான வெளிச்சத்திலும் கண் நன்றாகத் தெரியும்.

கடைசி சில அங்குலத்தில்தான் மேஜிக்! சுறாவின் மூக்கைச் சுற்றி ஜெல் நிரம்பிய நுண்துளைகள் இருக்கும். 1678-ல் இவற்றை விவரித்த இத்தாலியர் லோரன்சினியின் பெயர்தான் இவற்றுக்கு. உயிருள்ள எந்த மீனிடமிருந்தும் மிக மெல்லிய மின்புலம் வெளிப்படும். மணலுக்குள் ஒளிந்திருந்தாலும் அந்த மின்புலத்தை வைத்தே சுறா அதைக் கண்டுபிடித்துவிடும்.

அந்தத் திறமையே ஆபத்து

இப்போ வலையை யோசிச்சுப் பாருங்க. சிக்கிய மீன்கள் துடிக்கின்றன. அந்த அதிர்வு, வாசனை, மின்புலம் மூன்றும் சேர்ந்து சுறாவை விருந்துக்குக் கூப்பிடுகின்றன. வந்த சுறா மீனைக் கடித்து, வலையைக் கிழிக்கும். டீசலுக்கும் வலைக்கும் கடன் வாங்கிய மீனவருக்கு அது பெரிய நஷ்டம். அவர் கோபத்திலும் நியாயம் இருக்கு.

ஆனால், பல நேரம் சுறாவே மாட்டிக்கொள்ளும். அதற்குப் பின்னோக்கி நீந்தத் தெரியாது. பல வகைச் சுறாக்கள் முன்னே நீந்தினால்தான் செவுளில் நீர் ஓடி மூச்சு கிடைக்கும். வலையில் அசையாமல் நின்றால் மூச்சுத்திணறி இறந்துவிடும்.

மத்தியும் நெத்திலியும் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். பெரும்பாலான சுறாக்கள் வளர்ந்து பெரிதாகவே பல வருடங்கள் ஆகும். அதன்பிறகும் ஒரு பிரசவத்தில் சில குட்டிகள்தான். பிடிக்கிற வேகத்துக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2001 ஜூலையில் எல்லாச் சுறா, திருக்கை வகைகளையும் பிடிக்க மத்திய அரசு தடை விதித்தது. பிழைப்பே போய்விடும் என்று மீனவர்கள் எதிர்த்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் தடை 10 இனங்களாகக் குறைந்தது. அந்தப் பத்தில் பாண்டிச்சேரி சுறாவும் ஒன்று. 2015-ல் சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்கும் தடை வந்தது.

சிக்கல் என்னன்னா, வேறு சில சுறாக்களின் துடுப்பு முனையும் கறுப்புதான். நடுக்கடலில், இருட்டில், இது எந்த இனம் என்று பிரிப்பது லேசான வேலை இல்லை.

தண்டனை மட்டும் போதாது என்பதற்கு குஜராத் உதாரணம். அங்கே 2004-ல் திமிங்கலச் சுறாவைக் காக்கும் பிரசாரம் தொடங்கியது. வலையை அறுத்துச் சுறாவை விடுவிக்கும் மீனவருக்கு வலைக்கான இழப்பீடும் கிடைத்தது. நூற்றுக்கணக்கான சுறாக்கள் கடலுக்குத் திரும்பின. மீனவரின் நஷ்டத்தை யாராவது பகிர்ந்துகொண்டால், அவரே சுறாவின் காவலராகிவிடுவார்.

நீங்க என்ன செய்யலாம்?

* சுறா புட்டு நம்ம ஊர் ருசி, மறுக்க முடியாது. ஆனால் வாங்கும் முன் ‘இது என்ன சுறா?’ என்று மீன்காரம்மாவிடம் கேளுங்க.
* பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் சுறா கொடுப்பது வழக்கம். பெரிய சுறாக்களின் உடலில் பாதரசம் அதிகம் சேரும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்கிறது அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்க.
* மீன் ஏலக்கூடத்தில் வித்தியாசமான சுறாவைப் பார்த்தால், தலை, பல், துடுப்பு எல்லாம் தெரிய போட்டோ எடுத்து, இடமும் தேதியும் குறித்து, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ மீன்வளத்துறைக்கோ அனுப்புங்க.

45 வருடங்களுக்கு மேல் தேடப்படும் ஒரு மீனுக்கு, உங்கள் போன் கேமராவே சாட்சி ஆகலாம்.