செட்டிநாட்டு முட்டைப் பூச்சும் விற்பனைக்கு வந்த வீடுகளும்

நாச்சியாபுரம் முதலிய நகரத்தார் ஊர்களில் இன்று நிற்கும் பெரிய வீடுகளுள் பெரும்பாலானவை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 1940-கள் வரை, பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் வட்டித்தொழில் செய்து ஈட்டிய பொருளைக் கொண்டு எழுப்பப்பட்டவை. அவ்வீடுகளின் பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் வியப்போர், அவற்றுக்கு இணையான கைத்திறன் கொண்ட சுவர்ப் பூச்சைக் கவனிக்காமல் கடந்து விடுகின்றனர்.

முட்டைப் பூச்சு என்று வழங்கும் அது, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிக் கரைசலும் சேர்த்துப் புளிக்கவைத்த சுண்ணாம்புச் சாந்தைச் செங்கற்சுவரின் மேல் பல படிகளாக ஏற்றி, படிக்குப் படி மணலைக் குறைத்து, இறுதியில் வெண்ணெய்போல் அரைத்த சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவையும் கலந்து இழைத்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றும் முறையாகும். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்து மீண்டும் சுண்ணாம்புக்கல்லாக மாறுவதால், இச்சுவர் ஆண்டுகள் செல்லச்செல்ல இறுகுகிறது. அழுக்குப் படிந்தாலும் ஈரத்துணியால் துடைத்தாலே பளபளப்பு மீள்கிறது. மெருகேற்றாத வெளிச்சுவர்களுக்கும் பின்கட்டுகளுக்கும் மட்டுமே, பொங்கலுக்கு முன்னரும் திருமணம் வைத்த வீட்டிலும், சிறிது நீலம் கலந்த சுண்ணாம்பு நீரை மட்டையால் அடிக்கும் வழக்கம் இருந்தது. செலவு குறைந்த அவ்வெள்ளையடிப்பும் சுண்ணாம்பே ஆதலின், சுவரோடு ஒட்டி அதன் தன்மையைக் கெடுக்காமல் காத்தது.

1930-களின் பொருளாதாரப் பெருமந்தமும், 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததும், 1962-க்குப் பின் அந்நாட்டு இராணுவ ஆட்சி மேற்கொண்ட நாட்டுடைமையாக்கமும் இக்குடும்பங்களின் வருவாயை அடுத்தடுத்து வெட்டின. வாரிசுகள் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் பெயர, ஒரே வீட்டில் பங்காளிகள் பலருக்கு உரிமை இருந்தமையால் பராமரிப்பு யார் பொறுப்பும் அல்லாதாயிற்று. பல வீடுகள் பிரிக்கப்பட்டு, தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன.

முழு வீடாக விற்க எண்ணியோர் சிலர், வாங்குவோர் கண்ணுக்குப் புதிதாகத் தோன்றட்டும் என்று, கைக்கு எளிதாகக் கிடைத்த டிஸ்டெம்பரையும் எமல்ஷன் வண்ணத்தையும் நாடினர். மெருகேறிய பரப்பில் வண்ணம் பிடிக்காது என்பதால் கொத்தனார்கள் அதைப் பொளிந்து சிமெண்டு பூசிய இடங்களில் கேடு இரட்டித்தது: சுண்ணாம்புச் சுவர் உள்வாங்கிய ஈரம் வெளியேற வழியின்றித் தங்க, சுவர் உப்புப் பூத்து, புதிய பூச்சு பொரிந்து உதிர்ந்தது. அந்த வண்ணம் வீட்டின் மதிப்பைக் கூட்டியது என்று கொள்வதற்கில்லை. ஏனெனில் கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் பழைய வீடுகளை மரபு விடுதிகளாக்குவோர் விரும்புவது, சுரண்டப்படாத பழைய சுவரையும், தேங்காய் எண்ணெயிட்டுத் துடைத்த ஆத்தங்குடிக் கல் தரையையுமே. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றதும் அந்தப் பழமையின் பொருட்டே. ஆதலின் வீட்டை விற்க முனைவோர், வண்ணக்கடைக்குச் செல்லுமுன் ஒரு வாளி நீரும் பழந்துணியும் கொண்டு முகப்புச் சுவரைத் துடைத்துப் பார்த்தல் வேண்டும்.