சீன மொழியில் களவைக் குறிக்கும் சொற்கள்

சீன மொழியில் களவைக் குறிக்கும் சொற்கள் எழுத்து வழக்கு, பேச்சு வழக்கு என இரு வகைப்படும். "தாவ்", "சியே" ஆகியவை சட்டத்திலும் எழுத்து நடையிலும் பயின்று வருபவை. "தோவ்" அன்றாடப் பேச்சுக்கு உரியது. செயல் ஒன்றே ஆயினும், ஆளப்படும் சொல் பேசுபவரின் கல்வியையும் சமூக நிலையையும் காட்டுவதாக அமைகிறது.

பழஞ்சொற்கள்

கி.பி. 100 அளவில் ஷூ ஷென் தொகுத்த அகராதி, "தாவ்" என்பதற்கான எழுத்தைப் பாத்திரத்தைக் கண்டு எச்சில் ஊறும் ஆசையோடு தொடர்புபடுத்தி விளக்குகிறது. பழஞ்சீனத்தில் "தாவ்" திருட்டையும், "சேய்" தீங்கிழைத்தல், கொலை முதலிய வன்செயல்களையும் குறித்தன. பின்னர் இவற்றின் பொருள் ஏறத்தாழ இடம் மாறியது. இன்று "சேய்" என்பது திருடனையும், "சியாங்தாவ்" என்பது கொள்ளையனையும் குறிக்கின்றன. "தோவ்" முற்காலத்தில் பொறுப்பின்மையையும் மெத்தனத்தையும் குறித்தது. வேலையில் ஏய்ப்பதைக் குறிக்கும் "தோவ்லான்" என்ற சொல் இன்றும் வழக்கில் உள்ளது.

சட்டத்தில்

கி.பி. 653இல் விளக்கவுரையுடன் வெளியான தாங் சட்டத் தொகுப்பு, மிரட்டியோ தாக்கியோ பறிப்பதைச் "சியாங்தாவ்" என்றும், மறைவாக எடுப்பதைச் "சியேதாவ்" என்றும் பிரித்தது. திருடிய பொருளின் மதிப்பு பட்டுத்துணி அளவில் கணக்கிடப்பட்டது. திருட முயன்று எதுவும் கிடைக்காதவருக்கும் 50 அடி தண்டனை உண்டு. 1997இல் திருத்தப்பட்ட சீனக் குற்றவியல் சட்டத்தின் 264ஆம் பிரிவு, அதே இரு சொற்களை வரிசை மாற்றித் "தாவ்சியே" என்கிறது. தைவான் சட்டத்தில் பழைய வரிசையே நீடிக்கிறது.

பேச்சு வழக்கில்

திருடனுக்குப் பொதுப்பெயர் "சியாவ்தோவ்". நேர்ப்பொருள் "சின்னத் திருடன்". ஜேப்படித் திருடனுக்கு "மூன்று கை" என்ற பட்டப்பெயர் உண்டு. "தோவ்தோவ்" என இரட்டித்தால் "யாருக்கும் தெரியாமல்" என்று பொருள். "உத்தரத்து மேல் கனவான்" என்ற மரபுத்தொடரும் உள்ளது. கிழக்கு ஹான் காலத்தைச் சேர்ந்த சென் ஷி, தம் வீட்டு உத்தரத்தில் பதுங்கியிருந்த திருடனை அவ்வாறு அழைத்ததாக வரலாற்று நூல் கூறுகிறது.

இலக்கியத்தில்

இவ்விரு வழக்குகளின் மோதலை லூ சுன் 1919இல் வெளியிட்ட "கோங் யீஜீ" சிறுகதையில் காணலாம். கோங் யீஜீ தேர்வில் தேறாத ஏழைப் படிப்பாளி. அவன் புத்தகம் திருடியதை மதுக்கடையில் இருப்போர் "தோவ்" என்று சொல்லிக் கேலி செய்கின்றனர். அவனோ தன் செயல் "சியே"தான், "தோவ்" ஆகாது என்று வாதிடுகிறான். இரண்டுக்கும் பொருள் ஒன்றே. படித்தவன் என்ற மதிப்பைக் காக்க அவனிடம் எஞ்சியிருந்தது அந்த ஏட்டுச் சொல் மட்டுமே. கதையின் முடிவில், செல்வர் ஒருவர் வீட்டில் திருடியதற்காக அவனுடைய கால்கள் முறிக்கப்படுகின்றன. பழைய ஏட்டு நடையை விடுத்துப் பேச்சு மொழியில் எழுத வேண்டும் என்ற இயக்கம் சீனாவில் வலுப்பெற்ற ஆண்டுகளில் இக்கதை வெளியானது.