கோணம்

கோணம்: ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் இரு கதிர்களுக்கு இடைப்பட்ட திருப்பத்தின் அளவு. அலகு பாகை அல்லது ரேடியன். இலங்கைப் பாடநூல்களில் பின்னது ஆரையன். 90 பாகை செங்கோணம். அதற்குக் குறைந்தது கூர்ங்கோணம், மேற்பட்டு 180 பாகைக்கு உட்பட்டது விரிகோணம்.

சொற்பிறப்பு உறுதிப்படவில்லை. வளைவைக் குறிக்கும் ‘கோண்’ என்னும் திராவிட வேரிலிருந்து கோணல், கோணுதல் ஆகியவை வந்தன. வடமொழிக் ‘கோண’த்தையும் இதனுடன் இணைப்போர் உண்டு. சோதிடத் ‘திரிகோணம்’ கிரேக்கத்தின் ‘திரிகோனொன்’ என்பதிலிருந்து வந்ததென்பது பரவலான கருத்து.

இலங்கையின் திருகோணமலை என்னும் ஊர்ப்பெயரில் இச்சொல் சிக்கலுக்குரியது. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடியது ‘கோணமாமலை’, ‘திரு’ அடைமொழியே. ‘திரிகோணமலை’ என எழுதி மூன்று குன்றுகளைக் காட்டும் விளக்கம், ஒலியொப்புமையில் எழுந்த பிற்கால விளக்கமாகவே தோன்றுகிறது. பாளி நூலான மகாவம்சம் இவ்விடத்தைக் ‘கோகண்ண’ என்கிறது. அது வடமொழிக் ‘கோகர்ண’த்தின் திரிபு, பொருள் ‘பசுவின் காது’. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலை முனை கடலுக்குள் நீண்டு வளைவதால் ‘கோண்’ வேரும் பொருந்தும்.

இலங்கை வழக்கில் முக்கோணம் ‘முக்கோணி’; தமிழகத்தின் முக்கோணவியல் அங்கே ‘திரிகோணகணிதம்’.