தூண்டில் காசும் எழுபது புள்ளியும்

கண்டி இராச்சியத்தில் புழங்கிய வெள்ளிக் காசுகளில் ஒன்று வட்டமானதல்ல. வெள்ளிக் கம்பியொன்றை இரண்டாக மடித்து, தூண்டில்போல வளைத்து, தட்டையாக்கிய இடத்தில் அறபு எழுத்தின் சாயலில் முத்திரை குத்தியிருப்பார்கள். பல காசுகளில் அந்த எழுத்தை வாசிக்க முடியாது. பார்த்து வரைந்த கோடுகள்தாம். நிறை ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவு. நாணயவியலார் இதனை ‘லாரின்’ என்பர். தென் பாரசீகத்து லார் பட்டினத்தின் பெயரால் வந்தது அது.

16, 17ஆம் நூற்றாண்டுகளில் பாரசீக வளைகுடா தொட்டு இந்தியாவின் மேற்குக் கரை, மாலைதீவு, இலங்கை வரை இந்தக் கம்பிக் காசு செல்லுபடியானது. பீஜப்பூர் சுல்தான் அலீ ஆதில் ஷாவின் பெயர் பொறித்த லாரின்களும் உண்டு. மாலைதீவில் இன்றும் 100 லாரி சேர்ந்தால் ஒரு ருபியா. முஸ்லிம் வணிகரின் கப்பல்கள் போய்வந்த பாதையில்தான் இந்தக் காசும் போய்வந்தது.

எங்கட கரைக்கும் இதற்கும் தொடர்பிருக்கிறது. போர்த்துக்கேயர் தமது ஆளுகையிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் 1626இல் ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்த மன்னர்களின் நாட்டில் புழங்கிய காசு, சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ ஒரு கிணறு தோண்டும்போது வெளிப்பட்டால் அது வெறும் வெள்ளித் துண்டல்ல.

ஆனால் காசு கிடைத்தவர் முதலில் கேட்பது, “சேர், இதுக்கு என்ன பெறுமதி?” என்பதைத்தான். கேட்பதில் பிழையில்லை. காசின் தரம் பார்ப்பது பழைய வழக்கமே. 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி நாட்டில் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தனது நூலில் இந்தத் தூண்டில் காசைப் பற்றி எழுதியிருக்கிறார். மன்னனின் அனுமதியோடு யாரும் இதை அடிக்கலாம். வெள்ளியில் சந்தேகம் வந்தால் நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். தூய வெண்மையாக வராவிட்டால் அந்தக் காசு செல்லாது.

இன்று அந்த நெருப்பின் இடத்தில் தரப்படுத்தும் கம்பனிகள் இருக்கின்றன. 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர், தமது நாட்டுப் பழைய சதக் காசுகளுக்கு ஒன்றிலிருந்து எழுபது வரை புள்ளியிடும் முறையை வகுத்தார். 1986இல் பி.சி.ஜி.எஸ்., அடுத்த ஆண்டில் என்.ஜி.சி. என்ற நிறுவனங்கள் அங்கே தொழிலைத் தொடங்கின. அவை காசு அசலா, போலியா என்று பார்க்கும். தேய்மானத்தை அளந்து புள்ளி போடும். பிறகு பிளாஸ்டிக் உறையில் மூடி முத்திரையிடும். தேய்த்துக் கழுவிய காசுக்குப் பொதுவாகப் புள்ளி கிடைக்காது. குறைபாட்டைத்தான் எழுதித் தருவார்கள். எங்கட வீடுகளில் பழைய காசு கண்டால் புளி போட்டு மினுக்குகிறோமே, அதிலேயே பாதிப் பெறுமதி போய்விடுகிறது.

சட்டமும் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருள்கள் தொல்பொருள்களாகும். கண்டெடுத்தால் அறிவிக்க வேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. லாரினைத் தபாலில் போட்டு அமெரிக்காவில் புள்ளி வாங்கிவரலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

எந்த உறையும் சொல்லாத ஒன்று, காசு எந்த மண்ணில் கிடந்தது என்பது. சந்தைக்கு அது தேவையில்லை. வரலாற்றுக்கு அதுதான் உயிர். இடம் தெரியாத லாரின் கண்டியில் கிடைத்ததாகவும் இருக்கலாம், கொழும்புக் கடையில் வாங்கியதாகவும் இருக்கலாம். ஒரு காசு தனியே எதையும் நிரூபிக்காதுதான். ஆனால் இடக்குறிப்போடு பத்துக் காசுகள் சேர்ந்தால் ஒரு வணிகப் பாதை தெரியவரும்.

கிழக்கு முஸ்லிம்களின் பூர்வீகத்தைப் பெரும்பாலும் போர்த்துக்கேய, ஒல்லாந்த, ஆங்கில ஏடுகளிலிருந்தே எழுதி வருகிறோம். எங்கட மூத்தம்மாமாரின் பெட்டகங்களில் இருந்தவற்றில் எவ்வளவை 2004 டிசம்பர் 26 கடல் கொண்டுபோனதோ, அல்லாஹ்வே அறிவான். மிஞ்சியவற்றையாவது பதிய வேண்டும். காசைக் கழுவாதீர்கள். அளவுகோலை அருகே வைத்து இரு பக்கமும் படமெடுங்கள். நகைக்கடைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். எந்த வளவு, எவ்வளவு ஆழம், கூட என்ன கிடந்தது, யார் கண்டெடுத்தார், எந்தத் திகதி என்று கொப்பியில் எழுதுங்கள். தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். இதற்குப் பட்டமும் வேண்டாம், பணமும் வேண்டாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள்.