செஞ்சிக் களஞ்சியமும் மடிக்கணினியும்



செஞ்சி என்றவுடன் நம் நினைவிற்கு வருவன இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளும், அவற்றை இணைத்துச் செல்லும் நெடுமதில்களும், தேசிங்கு ராஜனின் வீரக் கதையுமே ஆகும். 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் இக்கோட்டையை, மராட்டியர் கோட்டைகள் பலவற்றோடு சேர்த்து, உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. ஆயினும், இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் வீரம் அன்று. வரவு, செலவு, இருப்பு என்னும் மூன்றைப் பற்றியதே இப்பேச்சு. அம்மூன்றும் கோட்டைக்கு மட்டும் உரியன அல்ல. உங்கள் மேசைமேல் உள்ள மடிக்கணினிக்கும் உரியன.

முதலில் கோட்டைக்குள் செல்வோம். சிவாஜி 1677ஆம் ஆண்டில் செஞ்சியைக் கைப்பற்றினார். அவர் மைந்தர் இராஜாராம், மொகலாயர் துரத்த, 1689ஆம் ஆண்டில் இங்கு வந்து அடைக்கலம் புகுந்தார். அடுத்த ஆண்டே அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் பெரும்படையுடன் வந்து கோட்டையை வளைத்தான். 1698ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் கோட்டை வீழ்ந்தது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள்! இத்துணைக் காலம் அது தாங்கி நின்றது எவ்வாறு? மதில் ஒரு காரணம்; முற்றுகையிட்டோரிடையே இருந்த பூசல் மற்றொரு காரணம். இவற்றோடு, கோட்டைக்குள் இருந்த களஞ்சியங்களையும் குளங்களையும் மறத்தல் ஆகாது. இன்றும் செஞ்சிக்குச் செல்வோர் வளைவுக் கூரையுடன் கூடிய நெற்களஞ்சியங்களையும், சக்கரக்குளம், செட்டிக்குளம் முதலிய நீர்நிலைகளையும் காணலாம்.

வெளியே இருந்த படையின் நிலை என்ன? 1692ஆம் ஆண்டின் இறுதியில் சந்தாஜி, தனாஜி என்னும் மராட்டியத் தலைவர்கள் குதிரைப்படையுடன் வந்து, மொகலாயப் பாசறைக்குத் தானியம் வரும் வழிகளை அடைத்தனர். பாசறையின் பசி குறையவில்லை. வந்துசேரும் மூட்டைகளே குறைந்தன. சில நாள்கள் இருப்பைக் கரைத்து உண்டனர். இருப்பும் கரைந்தபின், 1693ஆம் ஆண்டு ஜனவரியில் சுல்பிகர்கான் முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. செலவு மிக்கு, வரவு குறைந்தால், இருப்பு கரையும். இருப்பும் கரைந்தால், பாசறை கலையும். இவ்வுண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு, முந்நூறு ஆண்டுகளைக் கடந்து நம் காலத்திற்கு வருவோம்.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயின்ற மேனிலை வகுப்பு மாணவர்கள் அவற்றைப் பெற்றனர். உழவர் வீட்டிலும் நெசவாளர் வீட்டிலும் முதன்முதலாகக் கணினி நுழைந்தது இவ்வாறே. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலும் கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கணினி வழங்கப்படும் என அரசு அறிவித்தது.

கணினி பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால், அதனுடன் வரும் மின்னேற்றி, அதாவது சார்ஜர், அத்துணைக் காலம் உழைப்பதில்லை. கம்பி மடிந்து மடிந்து அறுந்துபோகும். மின்னழுத்தம் ஏறி இறங்கினால் உள்ளே கருகும். அப்பொழுது மாணவர் கடைத்தெருவிற்குச் செல்கிறார். கடைக்காரர் ஒன்றை எடுத்துத் தருகிறார். முனை பொருந்துகிறது; விலையும் மலிவு. பழையதில் 65 வாட் என்று இருந்தது. புதியதில் 45 வாட் என்று இருக்கிறது. வாங்கலாமா, ஆகாதா? இதுவே கேள்வி.

இதற்கு விடை காணுமுன், வாட் என்னும் சொல்லின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். நீராவி இயந்திரத்தைச் செப்பம் செய்த ஸ்காட்லாந்து நாட்டு ஜேம்ஸ் வாட், தம் இயந்திரம் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று கணக்கிட்டு விற்றார். குதிரைத்திறன் என்னும் அளவு அவ்வாறு வழக்கில் வந்தது. அவர் 1819ஆம் ஆண்டில் மறைந்தார். 1882ஆம் ஆண்டில் வில்லியம் சீமென்ஸ் என்னும் பொறிஞர், மின்திறனின் அலகிற்கு வாட்டின் பெயரையே சூட்டலாம் என்று முன்மொழிந்தார். ஒரு குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 746 வாட். கல்யாண மகாலுக்கு அருகே குதிரை லாயம் கண்ட மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம்: உங்கள் 65 வாட் மின்னேற்றி ஒரு குதிரையின் ஆற்றலில் பதினொன்றில் ஒரு பங்கினும் சற்றுக் குறைவானது!

மின்னழுத்தத்தை வோல்ட் என்றும், மின்னோட்டத்தை ஆம்பியர் என்றும் அளக்கிறோம். இரண்டையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். 19 வோல்ட்டை 3.42 ஆம்பியரால் பெருக்கினால் ஏறத்தாழ 65 வாட். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். வோல்ட் என்பது மின்னேற்றி கொடுப்பது. ஆம்பியர் என்பது கணினி தன் தேவைக்கேற்ப இழுத்துக்கொள்வது. ஆகவே வோல்ட் மாறுதல் கூடாது. முனையின் நேர், எதிர் அமைப்பும் மாறுதல் கூடாது. இவை சரியாக இருந்தால், மிகுந்த வாட் உடைய மின்னேற்றியால் தீங்கு இல்லை. களஞ்சியம் பெரிதாக இருப்பதனால் எவரும் மிகுதியாக உண்பதில்லை.

களஞ்சியம் சிறிதானால்? கணினி வேலை செய்ய 25 வாட் செலவாகிறது என்று கொள்வோம். 65 வாட் மின்னேற்றியில் எஞ்சிய 40 வாட் பேட்டரிக்குச் செல்லும். 45 வாட் மின்னேற்றியில் 20 வாட்டே எஞ்சும். பேட்டரி நிரம்ப இரு மடங்கு நேரம் ஆகும். இனி, கணினி கடுமையாக உழைத்து 55 வாட் கேட்கிறது என்று கொள்வோம். மின்னேற்றி செருகியிருக்கும்போதே, குறைந்த 10 வாட்டைப் பேட்டரி தன் இருப்பிலிருந்து கொடுக்க நேரும். மின்சாரம் இருந்தும் இருப்புக் கரைகிறதே என்று மாணவர் மயங்குவர். அது சுல்பிகர்கானின் பாசறைக் கணக்கேயாகும்.

சில கணினிகள் மின்னேற்றி எத்தனை வாட் என்பதை முனையின் நடுவில் உள்ள மெல்லிய ஊசியின் வழியே அறிந்துகொள்ளும். போதாது எனக் கண்டால், திரையில் எச்சரிக்கும். தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சில வேளைகளில் பேட்டரிக்கு மின்னேற்ற மறுக்கும். இது குற்றம் அன்று, சிக்கனம். அறியும் வசதி இல்லாத கணினியோ தேவையான அளவை இழுக்க முயலும். அப்பொழுது மின்னேற்றி தன் வரம்பை மீறிச் சூடாகும். நன்முறையில் செய்யப்பட்டது தானே நின்றுவிடும். காப்பு அமைப்பு இல்லாத மலிவுச் சரக்கு உருகவும் தீப்பற்றவும் கூடும். படுக்கையின் மேலும் துணியின் அடியிலும் அதனை வைப்பது பேராபத்து.

முற்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முனை செய்தது. இக்குழப்பத்தைத் தீர்க்க, யு.எஸ்.பி. வழியே மின்னாற்றல் வழங்கும் பொதுவிதி 2012ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. முதலில் அதன் எல்லை 100 வாட். 2021ஆம் ஆண்டில் அது 240 வாட்டாக உயர்ந்தது. இம்முறையில் மின்னேற்றி, ‘என்னால் இவ்வளவே தர இயலும்’ என்று முன்னரே தெரிவிக்கிறது. கணினி அதற்குள் அடங்கி நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், 2026 ஏப்ரல் 28 முதல் மடிக்கணினிகளுக்கும் இப்பொது முனையை வேண்டும் என விதித்தது.

ஆகவே, நண்பர்களே, கடைக்குச் செல்லும்போது பழைய மின்னேற்றியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதன் அடியில் உள்ள எழுத்துகளைப் படியுங்கள். வோல்ட் ஒன்றாக இருக்கட்டும், வாட் குறையாதிருக்கட்டும். பொதுமுனை உடையதில் வாட் குறைந்தது ஒன்றே கிடைத்து, கணினியும் அதனை ஏற்குமாயின், கணினியை அணைத்துவிட்டு மெல்ல மின்னேற்றுங்கள். அவசரத்திற்கு அது போதும். ஆனால், அதனையே நிலையாக நம்பாதீர்கள். வீட்டில் இருப்பது ஒரே கணினி. தேர்வுக்கு முந்திய இரவில் அது அணைந்தால், இழப்பு கருவிக்கு மட்டும் அன்று.

செஞ்சிக் கோட்டையில் ஏறும்போது, பீரங்கியைப் பார்ப்பவர் பலர். களஞ்சியத்தின் முன் நிற்பவர் சிலர். அடுத்த முறை அங்குச் சிறிது நேரம் நின்று பாருங்கள். எட்டு ஆண்டுகள் தாங்கிய கோட்டையின் கணக்கு அக்கூரையின் கீழேதான் எழுதப்பட்டது.