சின்ன டூஸ்ட்ரோக்கின் பலம்: ஆர்எக்ஸ் 100 வழியும் எக்ஸ்எல் வழியும்

கொடுமுடிப் பக்கத்துத் தோட்டங்களில் வாழைத்தாரும் புல்லுக்கட்டும் பால்கேனும் சுமந்த டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பரும், கோவை இளைஞர்கள் இன்றும் தேடிப்பிடித்து வாங்கும் யமஹா ஆர்எக்ஸ் 100-உம் ஒரே வகை எஞ்சினில் ஓடியவை. இரண்டுமே ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் டூஸ்ட்ரோக். ஆனால் இரண்டிலும் பலம் வரும் வழி நேர் எதிர். பண்ணைவீடுகளிலும் ரிசார்ட்டுகளிலும் ஓடும் 49 சிசி குவாட் பைக்குக்குப் பலம் கூட்ட வேண்டும் என்று யாராவது பட்டறைக்கு வந்தால், அந்த வண்டி இந்த இரண்டில் எதன் இனம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதைப் பார்க்காமலே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள்.

முதலில் கணக்கு. 1985-இல் வந்த ஆர்எக்ஸ் 100-இன் எஞ்சின் 98 சிசி. நிமிடத்துக்கு 7500 சுற்றில் 11 குதிரைத்திறன் தரும். எக்ஸ்எல் சூப்பர் 69.9 சிசி, 5000 சுற்றில் 3.5 குதிரைத்திறன். கொள்ளளவை ஒன்றாக்கிப் பார்த்தால் ஆர்எக்ஸ் லிட்டருக்கு 112, எக்ஸ்எல் 50. இரண்டு மடங்குக்கும் மேல். இந்த வித்தியாசத்தைப் பிரித்துப் பார்த்தால் சுவாரசியமான ஒன்று தெரிகிறது. ஆர்எக்ஸ் ஒன்றரை மடங்கு வேகமாகச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும், ஒரு சிசிக்கு, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு முறுக்குவிசையும் எடுக்கிறது. ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கினால் இரண்டேகால். ஆக, வேகமாகச் சுற்றுவது பாதிக் காரணம்தான். சிலிண்டரை நன்றாக நிரப்புவது மீதிப் பாதி.

டூஸ்ட்ரோக்கில் நிரப்புவதுதான் கடினமான வேலை. புகை வெளியேறும் வாயும் புதுக் கலவை வரும் வாயும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். வந்த பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சருக்குள் ஓடிவிடும். இதற்கான வழியைச் செம்மைப்படுத்தியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் இருந்த வால்டர் காடன். சைலன்சர் குழாய் முதலில் விரிந்து பிறகு குறுகும்படி அமைத்தால், வெளியே போகும் அழுத்த அலை திரும்பி வரும். விரியும் பகுதியிலிருந்து உறிஞ்சலாக வந்து புதுக் கலவையை இழுக்கும். குறுகும் பகுதியிலிருந்து அழுத்தமாக வந்து, வழிந்து போனதை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். 1961-இல் அவருடைய 125 சிசி எஞ்சின் 10,800 சுற்றில் 25 குதிரைத்திறன் தந்தது. லிட்டருக்கு 200! கேம்ஷாஃப்டே இல்லாத எஞ்சினில், முக்கியமாகத் தகரக் குழாயின் வடிவத்தால் இவ்வளவு சாதித்த அந்த மனிதரை டூஸ்ட்ரோக்கைத் தொடும் ஒவ்வொரு மெக்கானிக்கும் அறிந்திருக்க வேண்டும்.

ஆனால் அலைக்கு நேரம் இருக்கிறது. குழாயின் நீளம் எந்தச் சுற்றுக்கு அமைந்ததோ, அந்தச் சுற்றை ஒட்டித்தான் அது உதவும். கீழே அதே அலை தவறான நேரத்தில் வந்து இடைஞ்சல் செய்யும். புகை வாயை மேலே அரத்தால் உயர்த்தினாலும் இதே கதைதான்: மேலே கூடும், கீழே குறையும். ஆகவே பலம் ஒரு குறுகிய இடைவெளிக்குள் ஒதுங்கிவிடுகிறது. அந்த இடைவெளியை விட்டு எஞ்சின் இறங்காமல் பார்த்துக்கொள்வது கியர்பாக்ஸின் வேலை. ஆர்எக்ஸுக்கு நான்கு கியர் உண்டு. 1967-இல் சுசுகி கட்டிய 50 சிசி பந்தய வண்டிக்கு 14 கியர் வைத்தார்கள். குவாட் பைக்கின் அதே கொள்ளளவு என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

எக்ஸ்எல்லுக்கு ஒரே கியர். சுற்று ஏறினால் தானாகப் பிடிக்கும் மையவிலக்கு கிளட்ச். மேடோ, மணலோ, முன்னே மாடு நின்று மறுபடி கிளம்புவதோ, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கியர்தான். அதனால்தான் ஓசூர் டிவிஎஸ்காரர்கள் அந்த எஞ்சினை 3750 சுற்றிலேயே முழு முறுக்குவிசையான 5 நியூட்டன் மீட்டரைத் தரும்படி அமைத்தார்கள். 5000 சுற்று வரை அது பெரிதாக விழுவதுமில்லை. இதை "சோப்ளாங்கி எஞ்சின்" என்று ஆர்எக்ஸ் பிரியர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. காளிங்கராயன் வாய்க்கால் கரையில் மூட்டையோடு மண்தடம் ஏறும் வண்டிக்கு 7500 சுற்றில் வரும் பலத்தால் ஒரு பயனும் கிடையாது. அந்தச் சுற்றுக்கு அது போகவே போகாது.

இப்போது குவாட் பைக்குக்கு வருவோம். கயிறு இழுத்துக் கிளப்பும் சின்ன வகையில் பெரும்பாலும் ஒரே கியர், மையவிலக்கு கிளட்ச், செயின். அதாவது அச்சு அசலாக எக்ஸ்எல் குடும்பம். அதற்கு ஆர்எக்ஸ் வைத்தியம் செய்து, விரிகுழாய் மாட்டி, வாயை அரத்தால் தேய்த்தால், கிளட்ச் பிடிக்கும் சுற்றில் எஞ்சினிடம் இருந்த இழுவையும் போய்விடும். சமதளத்தில் சீறும், மேட்டில் முக்கும். சரிக்கட்ட கிளட்சுக்குக் கெட்டியான ஸ்பிரிங் போட வேண்டும். அப்போது கிளட்ச் வழுக்கித் தேயும்.

எக்ஸ்எல் வைத்தியத்தில் செலவும் குறைவு. புகை வாயிலும் சைலன்சரிலும் படிந்த கரியைச் சுரண்டி எடுத்தாலே, பழைய டூஸ்ட்ரோக்கில் தொலைந்த பலம் பெருமளவு திரும்பிவிடும். ஏர் ஃபில்டரைக் கழுவ வேண்டும். பிஸ்டன் ரிங்கும், கிராங்க் ஆயில் சீலும் பார்க்க வேண்டும். சீல் காற்றை உறிஞ்சினால் கார்புரேட்டரில் எந்த ஜெட் மாற்றினாலும் எஞ்சின் ஒழுங்காக ஓடாது. சில குவாட்களில் வேகத்தைக் கட்டுப்படுத்த சைலன்சர் வாயில் வளையம் வைத்து அனுப்புவார்கள். அதை எடுப்பதானால் ஜெட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிளக் முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் நாள் தூரத்தில் இல்லை. பாதுகாப்புக்கென்று ஆயிலை அள்ளி ஊற்றுவதும் தவறு. ஆயில் கூடிய அளவு ஜெட் வழியே பெட்ரோல் குறையும்.

பிறகு ஸ்ப்ராக்கெட். முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 பல் இருந்தால் 13 ஆக்கிப் பாருங்கள். எஞ்சினைத் தொடாமலே சக்கரத்துக்குப் போகும் இழுவை ஏழு சதவீதத்துக்கு மேல் கூடும். உச்ச வேகம் அதே போலக் குறையும். கோவையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. அளவு கொடுத்தால் கடைந்து தந்துவிடுவார்கள். பலமாக உணரப்படுவது பல நேரம் இதுதான். சிறுவர்கள் ஓட்டும் வண்டி என்றால் உச்ச வேகம் குறைவது நட்டம் அல்ல, தேவை. குட்டையான அச்சிடை, இரண்டு பின்சக்கரமும் சேர்ந்து சுற்றும் ஒரே அச்சு. வளைவில் வேகம் கூடினால் குவாட் கவிழும். குழந்தையின் வண்டியில் வேகத்தைக் கூட்டித் தரும் மெக்கானிக்கை நான் மதிக்க மாட்டேன்.

ஆர்எக்ஸ் வழிக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பந்தயத் தடத்தில், கியர்பாக்ஸ் உள்ள எஞ்சினில், அது அழகான வித்தை. சாலையில் ஓட்டும் வண்டியைத் தன்னிஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விடாது என்பது வேறு விஷயம்.

மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது டூஸ்ட்ரோக் எக்ஸ்எல் விடைபெற்றது. 2015-இல் வந்த எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக். பலம் கூட்ட வேண்டிய நேரத்தில் அதை வடிவமைத்தவர்கள் கொள்ளளவை 99.7 சிசி ஆக்கினார்கள். கியரை ஒன்றாகவே விட்டார்கள். முழு முறுக்குவிசை 6.5 நியூட்டன் மீட்டர் ஆனது. அது கிடைக்கும் இடம் 3500 சுற்று, பழையதைவிட இன்னும் கீழே.